பருக்குழிக்கு எந்த லேசர்? மாநிறத் தோலுக்கான கணக்கு

“சிஓ2 போடலாமா, பிகோ போடலாமா, எம்என்ஆர்எஃப் போடலாமா?” பருத்தழும்பு பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்விதான் முதலில் வந்து விழுகிறது. மூன்றும் சிகிச்சை மெஷின்களின் பெயர்கள், ஒவ்வொன்றும் என்ன என்பது கீழே வரும். கடையில் ஃபிரிட்ஜ் பார்க்கிற மாதிரி மெஷினிலிருந்து தொடங்கினால் பாதிப் பணம் வீண். முகத்தில் இருப்பது எந்த வகைத் தழும்பு, தோல் என்ன நிறம், ஒரு வாரம் வெயிலில் தலைகாட்டாமல் இருக்க முடியுமா என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் மெஷின் பெயர் தானாக வந்து நிற்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி டார்ச்சைக் காதோரம் பிடித்துக் கன்னத்தின் மேல் சாய்வாக அடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நிழல் விழும் இடம் குழி. நிழல் விழாமல் நிறம் மட்டும் மாறித் தெரிந்தால் அது பரு விட்டுப்போன கறை. நம் ஊரில் “தழும்பு போகணும்” என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது இந்தக் கறைதான். அதற்குக் குழி போடுகிற லேசர் தேவையே இல்லை. தினமும் சன்ஸ்கிரீன், இரவில் அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயின், காலையில் அசெலாயிக் ஆசிட் என்று ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். கறைக்குப் போய் சிஓ2 அடித்துக்கொண்டால், இருந்த கறையோடு புதிதாக ஒன்றும் சேரும்.

குழி என்று உறுதியானால் அடுத்த சோதனை: இரண்டு விரலால் தோலை இழுத்துப் பிடியுங்கள். இழுத்ததும் மறைந்துவிடுகிற, 4, 5 மில்லிமீட்டர் அகலத்தில் அலை அலையாக இருக்கும் பள்ளம் ரோலிங் வகை. அதன் அடியில் நார் போன்ற இழைகள் தோலைக் கீழே கட்டிப் பிடித்திருக்கின்றன. இழுத்தாலும் மறையாமல், ஓரம் செங்குத்தாக வெட்டியது போல, அம்மைத்தழும்பு மாதிரித் தெரிவது பாக்ஸ்கார். ஊசியால் குத்தியது போல வாய் குறுகி (2 மில்லிமீட்டருக்கும் குறைவு) ஆழமாக இறங்குவது ஐஸ் பிக். ஒரே கன்னத்தில் மூன்றும் கலந்திருப்பதுதான் சகஜம். மருத்துவர் வகை பிரித்துச் சொல்லாமல் நேராக பேக்கேஜ் விலை சொன்னால், எழுந்து வந்துவிடலாம்.

இந்த வகைப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? லேசர் எதுவானாலும் மேலிருந்து கீழே இறங்குகிறது. ரோலிங் குழியைக் கட்டிப் பிடித்திருக்கும் இழை கொழுப்பு அடுக்கை ஒட்டிக் கிடக்கிறது. ஐஸ் பிக்கின் அடி, லேசரின் துளை நின்றுபோகிற ஆழத்தையும் தாண்டி இருக்கிறது. ஆக, லேசர் மட்டும் போட்டு நன்றாகப் பலன் காண்பது ஆழமில்லாத பாக்ஸ்காரும் லேசான ரோலிங்கும்தான். மற்றவற்றுக்கு லேசர் துணை வேலை, முதல் வேலை வேறு.

இனி மெஷின்கள். 1990களில் இருந்த முழுப்பரப்பு சிஓ2 லேசர் முகத்தின் மேல்தோலை மொத்தமாக உரித்தெடுத்தது. பலன் பிரமாதம்தான், ஆனால் இரண்டு வாரம் ரணம், மாதக்கணக்கில் சிவப்பு, பல மாதம் கழித்துத் தெரியவரும் நிரந்தர வெளிறல். நம் நிறத்துக்கு அது ஒத்துவராது. 2004-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மான்ஸ்டைன், ஆண்டர்சன் குழு ஃபிராக்ஷனல் முறையை வெளியிட்ட பிறகுதான் மாநிறத் தோலுக்கு வழி பிறந்தது. முகம் முழுவதும் அடிக்காமல், மயிரிழை அளவு தூண்களாகச் சூட்டை இறக்கி, ஒவ்வொரு தூணைச் சுற்றிலும் நல்ல தோலைத் தொடாமல் விடுவது இதன் சூட்சுமம். அந்த நல்ல தோல்தான் ஒன்றிரண்டு நாளில் துளையை மூடுகிறது. அடியில் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜன் புதிதாகக் கட்டுவதற்கு மாதங்கள் ஆகும்.

ஃபிராக்ஷனல் சிஓ2-வின் அலைநீளம் 10,600 நானோமீட்டர், எர்பியம் யாகுக்கு 2,940. இரண்டுமே தோலில் உள்ள தண்ணீரைக் குறிவைக்கின்றன. எர்பியத்தைத் தண்ணீர் பத்து மடங்குக்கும் மேல் உறிஞ்சும். அதனால் அது தொட்ட இடத்தை ஆவியாக்கிவிட்டு, சுற்றிலும் சூட்டை அதிகம் பரப்பாமல் நின்றுவிடுகிறது. சிஓ2 துளை போடுவதோடு துளைச் சுவரையும் சேர்த்து வேகவைக்கிறது. அந்தச் சூடுதான் தோலைச் சுருக்கி இறுக்குகிறது, ரத்தத்தையும் உடனே அடைக்கிறது. பருக்குழிக்கு சிஓ2 கை ஓங்கி இருப்பதற்கு அதுதான் காரணம். நிறம் மாறும் ஆபத்து அதில் கூடுதலாக இருப்பதற்கும் அதே சூடுதான் காரணம். எர்பியத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஆறுவது வேகம், கறுப்பது குறைவு. ஆழமில்லாத பாக்ஸ்காரும் நல்ல கருநிறமும் சேர்ந்தால் எர்பியம் புத்திசாலித்தனமான தேர்வு. என்ன, எல்லா கிளினிக்கிலும் அது இருப்பதில்லை. சிஓ2 மெஷின் மருவெடுப்பதற்கும் உதவும் என்பதால் அதைத்தான் பெரும்பாலும் வாங்கி வைக்கிறார்கள்.

இப்போது, விளம்பரம் எதிலும் வராத எண்ணுக்கு வருவோம்: அடர்த்தி. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எத்தனை சதவீதத்தில் துளை விழுகிறது என்பதுதான் அது. எனர்ஜி, அதாவது ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிஜூல் என்பது, ஆழத்தைத் தீர்மானிக்கிறது. அடர்த்தி சூட்டின் நெருக்கத்தைத் தீர்மானிக்கிறது. தூண்கள் நெருங்க நெருங்க இடையில் விட்ட நல்ல தோலும் வெந்துபோகும். மாநிறத்தில் கறுப்பதற்கு ஆழத்தைவிட அடர்த்திதான் பெரிய காரணம். அதனால் தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் 4, 5-ஆம் வகை (நம்மில் பெரும்பாலோர்) தோலுக்கு ஆழமாக, ஆனால் இடைவெளி விட்டு அடிப்பதுதான் முறை. ஃபிராக்ஷனல் சிஓ2-வில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் ஆரம்பிப்பார்கள். ஒரே இடத்தில் 5 சதவீதத்தில் இரண்டு முறை ஓட்டினால் அது 10 என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு சுற்று முடிந்து சூடு இறங்கும்வரை காத்திருந்து, குளிர்காற்று ஊதி, பிறகுதான் அடுத்த சுற்று. அவசரமாக அடுக்கி அடுக்கி ஓட்டியதன் விலையை மூன்றாவது வாரம் முகத்தில் பார்க்கலாம்.

தோலைத் துளைக்காத ஃபிராக்ஷனல் லேசரும் உண்டு. 1,550 அல்லது 1,540 நானோமீட்டர், எர்பியம் கிளாஸ். மேல்தோலைத் திறக்காமலே உள்ளே தூண்களை வேகவைக்கிறது, எனர்ஜியை ஏற்றினால் 1 மில்லிமீட்டருக்கும் கீழே போகும். இரண்டு மூன்று நாள் வீக்கமும் சிவப்பும், பிறகு மணல் ஒட்டியது போன்ற சொரசொரப்பு, அவ்வளவுதான். ரணம் இல்லாததால் விடுப்பு எடுக்க முடியாதவர்களுக்கு இது தோது. ஆனால் மூன்று சிஓ2 செஷனில் வருகிற பலனை எட்டிப்பிடிக்க இங்கே நான்கு முதல் ஆறு செஷன் போக வேண்டும். ரணமில்லை என்றால் கறுக்காது என்று எண்ண வேண்டாம். சூடு சூடுதான்.

மிக மிகக் குறுகிய நேரத் துடிப்புகளாக அடிக்கிற லேசரான பிகோ இப்போது எல்லாப் போஸ்டரிலும் இருக்கிறது. அதிலும் இரண்டு விதம். சாதாரண முனையில் அடித்தால் அது பச்சை குத்தியதையும் கறையையும் உடைக்கிற வேலை. குழிக்கு வேண்டியது, கதிரை நுண்புள்ளிகளாகப் பிரிக்கிற லென்ஸ் பொருத்திய ஃபிராக்ஷனல் முனை. அது தோலுக்குள் நுண்ணிய வெற்றிடங்களை உண்டாக்கி, அதன் வழியாகக் கொலாஜனைத் தூண்டுகிறது. சூடு குறைவு, ஆறுவது இரண்டு மூன்று நாள், 1,064 நானோமீட்டரில் நம் நிறத்துக்கு ஓரளவு பாதுகாப்பு. கறையும் ஆழமில்லாத குழியும் கலந்த முகத்துக்கு நல்லது. ஆழமான பாக்ஸ்காருக்கு இதை மட்டும் நம்பி ஆறு செஷன் கட்டுவதைப் பரிந்துரைக்க மனம் வராது. எந்த முனை என்று கேட்காமல் “பிகோ” என்ற பெயருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

கார்பன் பீல், லேசர் டோனிங், ஐபிஎல் மூன்றையும் குழிக்கு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். முதலிரண்டும் எண்ணெய்ப்பசைக்கும் நிறத்துக்கும். டோனிங்கை வாராவாரம் இழுத்துக்கொண்டே போனால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுத் தேமல் மாதிரி நிறமிழப்பு வரும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. ஐபிஎல் லேசரே கிடையாது. பரந்த ஒளி, மாநிறத் தோலின் நிறமியான மெலனின் அதை உறிஞ்சிச் சுட்டுக்கொள்ளும்.

ஊசி வழியாக ரேடியோ அலை செலுத்துகிற எம்என்ஆர்எஃப்-உம் லேசர் கிடையாது, ஆனாலும் ஒப்பீட்டில் சேர்க்காமல் இருக்க முடியாது. ஊசியின் மேல்பகுதி உறையிட்டிருந்தால் நுனியில் மட்டும் சூடு இறங்கும், மெலனின் இருக்கும் மேல்தோல் தப்பித்துவிடும். ஆழத்தை மெஷினிலேயே வைத்துக்கொள்ளலாம்: கன்னத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர்வரை, நெற்றியிலும் எலும்பு மேலேயும் அதில் பாதி. கறுப்பதற்கு மிகவும் அஞ்சுகிறவர்களுக்கும், ரோலிங் அதிகமுள்ளவர்களுக்கும் முதலில் இதைச் சொல்வதுதான் நியாயம். பாக்ஸ்காரின் வெட்டிய ஓரத்தை மழுக்குவதில் மட்டும் சிஓ2-வுக்கு ஈடில்லை.

லேசருக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை என்றோமே, அது இரண்டு. ரோலிங்குக்கு சப்சிஷன்: மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஊசியையோ மழுங்கிய கானுலாவையோ விட்டு, கட்டிப் பிடித்திருக்கும் இழைகளை அறுப்பது. நரநரவென்று சத்தம் கேட்கும், அது இழை அறுபடும் சத்தம்தான். ஒரு வாரம் பத்து நாள் ரத்தக்கட்டு நீலமாக நிற்கும். ஐஸ் பிக்குக்கு கிராஸ் முறை: பல் குத்தும் குச்சி மாதிரி கூராக்கிய குச்சியில் டிசிஏ (ட்ரைகுளோரோ அசெடிக்) அமிலம் தொட்டு, குழியின் அடியில் மட்டும் ஒற்றுவது. உலக வழக்கில் 100 சதவீதம்வரை போகிறார்கள். நம் நிறத்துக்கு 50, 70-இல் தொடங்குவது பத்திரம், ஏனென்றால் ஓரத்தில் வழிந்தால் குழி அகலமாகிவிடும். அகலமான ஆழக் குழி ஒன்றிரண்டு இருந்தால் பஞ்ச் கருவியால் வட்டமாக வெட்டித் தையல் போடுவதோ, அடியைத் தூக்கி வைப்பதோதான் வழி. அதை லேசரில் அடித்துக்கொண்டே இருப்பது பாறாங்கல்லில் நீர் தெளிக்கிற வேலை.

வரிசையாக வைத்தால், கலப்புத் தழும்புள்ள ஒரு முகத்துக்குத் திட்டம் இப்படி அமையும். புதுப் பரு வருவதை முதலில் நிறுத்த வேண்டும், இரண்டு மூன்று மாதம் அமைதியாக இருந்தால் நல்லது. பிறகு சப்சிஷன் ஒன்று, ஐஸ் பிக் இருந்தால் கிராஸ் ஒன்றிரண்டு முறை, மாத இடைவெளியில். அதன் பிறகு ஃபிராக்ஷனல் சிஓ2 மூன்று நான்கு செஷன், ஆறு முதல் எட்டு வார இடைவெளியில். எம்என்ஆர்எஃப் என்றால் நான்கு முதல் ஆறு வாரம். எப்படிப் பார்த்தாலும் எட்டு மாதம், ஒரு வருடக் கணக்கு. கல்யாணத் தேதி குறித்துவிட்டு ஒரு மாதத்துக்கு முன் வருகிறவர்களுக்கு நல்ல மேக்கப் கலைஞர்தான் சரியான சிகிச்சை. கடைசி லேசருக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே மூன்று மாதமாவது இருக்கட்டும்.

முன்னேற்பாட்டில் பலர் கோட்டை விடுவது முகக் கிரீமில்தான். கடையில் சொல்லி வாங்கிய “வெள்ளையாக்கும்” கிரீமில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்து கிடக்கும், அதன் மேல் லேசர் போடக் கூடாது. எல்லாக் கிரீம் டியூபையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2017-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வெளியிட்ட கருத்தொருமிப்பில், ஃபிராக்ஷனல் லேசருக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கான ஆதாரம் போதாது என்று தளர்த்தினார்கள். முழுப்பரப்பு உரிப்புக்கு மட்டும் அந்தத் தடை தொடர்கிறது. மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லிவிட்டால் முடிவை மருத்துவர் எடுப்பார். உதட்டோரம் அக்கி மாதிரிக் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். முதல் நாளிலிருந்தே வாலாசைக்ளோவிர் அல்லது அசைக்ளோவிர் கொடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் அந்த வைரஸ் ரணத்தில் முகமெங்கும் பரவும். காயம்பட்ட இடம் மேடாகத் தடிக்கிற கெலாய்டு உடம்பு, வெண்புள்ளி, கர்ப்பம்: இவை இருந்தால் லேசரைத் தள்ளிவைக்கலாம், அல்லது விட்டேவிடலாம்.

ஒரு மாதமாவது முன்பிருந்து சன்ஸ்கிரீன், நாலைந்து நாள் முன்பு ரெட்டினாயிடு (அடாபலீன், ட்ரெட்டினாயின்) நிறுத்தம், தாடி இருந்தால் முதல் நாள் மழிப்பு. நிறம் குறைக்கிற ஹைட்ரோகுயினோன் கிரீமை முன்கூட்டியே பூசினால் கறுக்காது என்று சிலர் கொடுப்பார்கள். துளையை மூட வரும் புதுச் செல்கள் முடிக்காலின் ஆழத்திலிருந்தும் வருவதால், மேலே பூசிய கிரீம் அவற்றைத் தொடுவதே இல்லை. அந்தக் கிரீமின் காலம் பிற்பாடு.

அன்றைக்கு மரப்புக் கிரீம் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வீட்டிலேயே கெட்டியாகப் பூசிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து வருவது ஆபத்து. மருந்து ரத்தத்தில் ஏறினால் உதடு மதமதப்பு, காதில் ரீங்காரம், தலைசுற்றல் வரும். லேசருக்கு முன் கிரீமை முழுக்கத் துடைத்துத் தோல் காய்ந்திருக்க வேண்டும். மிச்சமிருந்தால் கதிரை அது உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பிரிட்டால் துடைத்து ஈரத்தோடு சிஓ2 அடித்தால் தீப்பிடிக்கும். கண்ணுக்குக் காப்பு, புகை உறிஞ்சும் குழாய் இரண்டும் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடித்து முடித்ததும் வெயிலில் கருகியது போல ஓரிரு மணி நேரம் எரியும், குளிர்ந்த சலைனில் (உப்புநீரில்) நனைத்த துணி போதும்.

சிஓ2-வுக்குப் பிறகு முதல் நான்கைந்து நாள் ஒரே விதி: காயவிடக் கூடாது. நாளுக்கு மூன்று நான்கு முறை சலைனால் மெல்லக் கழுவி, ஒற்றி எடுத்து, வெறும் வாசலின் மெல்லிய பூச்சு. மஞ்சள், கீறி எடுத்த கற்றாழை, தேங்காயெண்ணெய், நியோமைசின் களிம்பு எதுவும் அந்தத் திறந்த தோலில் வேண்டாம். அரிப்பையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும், அரிப்பைத் தொடர்ந்து கறுப்பு. மூன்றாம் நாள் காப்பித்தூள் தூவியது போலப் பொருக்குக் கட்டும், ஐந்திலிருந்து ஏழு நாளில் உதிரும். உரித்தால் அந்த இடத்தில் புதுக் குழிக்கு நீங்களே அடித்தளம் போட்டதாகும். அடுப்பு வெக்கை, ஹெல்மெட் பட்டை, ஜிம் வியர்வை ஒரு வாரம் தவிர்க்க வேண்டியவை. சித்திரை, வைகாசியில் தொடங்குவதைவிட ஐப்பசிக்குப் பிறகு தொடங்குவது உத்தமம்.

பொருக்கு உதிர்ந்ததும் சன்ஸ்கிரீன் திரும்ப வர வேண்டும், இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மாநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் கறுக்க வைக்கும். வெள்ளையாகவோ நிறமில்லாமலோ வரும் சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வருகிற வகையை வாங்குங்கள்.

எது சாதாரணம், எது தொந்தரவு என்று பிரித்தறிய ஒரு கணக்கு உண்டு. வலி நாளாக நாளாகக் குறைய வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி ஏறினால் கிருமித்தொற்று. கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் வந்தால் ஹெர்பஸ். அரிப்போடு வெள்ளைப் பொட்டுகள் வந்தால் பூஞ்சை. இம்மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும், வாட்ஸ்அப் படம் போதாது. பரு மாதிரிப் பொரிப்பொரியாக வருவது பெரும்பாலும் களிம்பின் அடைப்பு, பூச்சைக் குறைத்தால் அடங்கும். சதுரமாக அச்சு வைத்தது போலக் கட்டம் தெரிந்தால் லேசர் பதித்த ஒரு முத்திரை மேல் இன்னொன்று ஏறியிருக்கிறது. அது சில மாதத்தில் மங்கும், அடுத்த முறை மெஷினைப் பிடிக்கும் ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

கறுப்பது பொதுவாக மூன்றாவது வாரத்தில் தலைகாட்டும். பயந்து வேறு லேசருக்கு ஓடக் கூடாது. சன்ஸ்கிரீனோடு, மருத்துவர் சொல்லும் அளவில் இரவில் ஹைட்ரோகுயினோன் அல்லது அசெலாயிக் ஆசிட் போட்டால் மூன்று முதல் ஆறு மாதத்தில் இறங்கும். அது இறங்கும்வரை அடுத்த செஷனைத் தள்ளிவைக்க வேண்டும், பேக்கேஜ் காலாவதியானாலும் சரி. முகம் முழுவதும் போடுவதற்கு முன், காதின் முன்னால் ஒரு சின்ன இடத்தில் சோதனை அடித்து ஒரு மாதம் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கும். பத்தாம் நாள் முகம் பளிச்சென்று, குழியெல்லாம் நிரம்பியது போல இருக்கும். அது வீக்கம். ஒரு மாதத்தில் வடிந்ததும் “பழையபடி ஆகிவிட்டது” என்று மனம் உடைகிறவர்கள் ஏராளம். உண்மையான கொலாஜன் வேலை மூன்றிலிருந்து ஆறு மாதம் நடக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தாலும் பாதி அளவு மேம்பட்டால் நல்ல பலன். “நூறு சதவீதம்” என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முன் பின் படங்களிலும் ஜாலம் உண்டு. ஃபிளாஷ் நேராக அடித்தால் குழியே தெரியாது, பக்க விளக்கில் எடுத்தால் ஆறிய முகம்கூடப் பள்ளமாகத் தெரியும். முதல் படத்தில் பக்க விளக்கும் இரண்டாவதில் நேர் விளக்குமாக வைத்தால், சிகிச்சையே இல்லாமல் மாயம் காட்டலாம். உங்கள் முகத்தை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: அதே அறை, அதே டார்ச், அதே கோணம், இடது, வலது, நேர், மூன்று படம். செஷனுக்கு முன்பு ஒரு முறை, கடைசி செஷனுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு முறை.

பணம் கட்டும் முன் நாலு கேள்வி. மெஷினைப் பிடிக்கப்போவது யார், அவருக்குத் தோல் மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டிப்ளமோ இருக்கிறதா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவெண் என்ன? என் தோல் வகைக்கு எத்தனை மில்லிஜூல், எத்தனை சதவீத அடர்த்தி வைக்கப் போகிறீர்கள்? அந்த எண்களை ஒவ்வொரு முறையும் எழுதித் தருவீர்களா? கறுத்துவிட்டால் மறுபடி பார்ப்பதற்குத் தனிக் கட்டணமா? எண்களை எழுதி வாங்கி வைத்திருந்தால் ஊர் மாறினாலும் இன்னொரு மருத்துவர் அங்கிருந்து தொடர முடியும். “அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்” என்று பதில் வந்தால் அங்கே அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.